பிரதி இருந்தால் மட்டும் போதுமா? மெய்நிகர் சேர்வரும் நமது ஆவணங்களும்

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் 'லங்கா கவர்மன்ட் கிளவுட்' கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேர்வரை மீண்டும் இயக்குவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால், அந்த ஆண்டு மே 17ஆம் திகதியிலிருந்து தாக்குதல் நடந்த நாள் வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் அதிகமான காலத்தின் அரச கடிதப் போக்குவரத்து அப்படியே போனது.

அரசிடம் பிரதி இருக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பிரதி இருந்தது. அது மூலம் இருந்த அதே வலையமைப்போடு இணைந்திருந்தது. மூலத்தைப் பூட்டிய வைரஸ் பிரதியையும் சேர்த்தே பூட்டியது. வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் இதே அரச கிளவுட்டிலிருந்து அழிக்கப்பட்டிருந்தமை தெரியவந்து பெரும் சர்ச்சையானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அரசாங்கத்தின் கதை அது. எங்களுடைய நிலைமை என்ன? தமிழில் இயங்கும் சிறு செய்தித் தளங்கள், கிராம வரலாற்றுத் தொகுப்புகள், காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் திரட்டி வைத்திருக்கும் பட்டியல்கள், இடம்பெயர்ந்தோரின் வாக்குமூலப் பதிவுகள் எல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் வெளிநாட்டில் மாத வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் சேர்வரில். அந்த ஒரு சேர்வர் போனால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், "பெக்கப் இருக்கு" என்பதுதான் எல்லோரிடமிருந்தும் வரும் பதில். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பொகவந்தலாவையிலிருந்து ஏன் இதை எழுதுகிறேன்

பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முதியவர்களின் குரல்களையும் அவர்களிடமிருக்கும் பழைய கடதாசிகளையும் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து சில வருடங்களாகப் பதிவுசெய்து வருகிறேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள், இந்தியாவுக்குப் போனவர்களின் கடிதங்கள், பழைய சம்பளத் துண்டுகள், லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படங்கள் என்று அந்தத் தொகுப்பு நீளும். அவற்றில் பல உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கின்றன.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் எங்களுடையது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரு மனிதர் யார், எந்த நாட்டவர் என்பதை ஒரு துண்டுக் கடதாசி தீர்மானித்த காலம் அது. அதனால்தான் இங்கே வயதானவர்கள் கடதாசியை உயிராகப் பார்க்கிறார்கள். தனது கணவரின் சான்றிதழைப் படமெடுக்கத் தந்த ஒரு மூதாட்டி சொன்னார்: "கொப்பி எடுத்துக்க தம்பி, ஆனா இத எங்கிட்டயே குடுத்துரு. நீ வச்சிருக்கறது தொலைஞ்சாலும் எங்கிட்ட ஒன்னு இருக்கும்ல."

எழுபதுகளிலும் 1983இலும் வன்செயல்களுக்கு அஞ்சி இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள், பின்னர் போரில் அந்தக் கடதாசிகளையும் இழந்தன. 2009இல் வன்னியில் இடம்விட்டு இடம் ஓடியபோது எத்தனையோ பேர் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காணி உறுதியையும்தான். கடதாசி தொலைந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று அந்தக் கடதாசியின் இடத்தில் சேர்வர் இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் முழுதாக உணரவில்லை.

சேர்வர் முழுவதும் ஒரே கோப்பு

மெய்நிகர் சேர்வர் என்றால் என்ன? ஜேர்மனியிலோ சிங்கப்பூரிலோ ஒரு கட்டடத்தில் பெரிய கணினி ஒன்று இருக்கிறது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அதைப் பல அறைகளாகப் பிரிக்கிறது. நாம் வாடகைக்கு எடுப்பது ஒரு அறை. லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல காம்பராக்கள் இருப்பதைப் போல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல் உண்டு. ஆனால் கூரை ஒன்றுதான்.

அந்த அறைக்குள் நமக்கென்று ஒரு டிஸ்க் இருப்பதாக நமது சேர்வர் நினைக்கிறது. உண்மையில், பல இடங்களில் அது அந்தப் பெரிய கணினியில் இருக்கும் ஒரு கோப்பு மாத்திரமே. அதைத்தான் டிஸ்க் இமேஜ் என்கிறார்கள். இயங்குதளம், இணையத்தளம், தரவுத்தளம், படங்கள், எழுத்துருக்கள், கடவுச்சொற்கள் அனைத்தும் அந்த ஒரு கோப்புக்குள் அடங்கியிருக்கின்றன. அதைப் பிரதியெடுத்தால் முழு சேர்வரையும் பிரதியெடுத்ததாகிவிடும். வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனத்தின் கணினியில் அந்தக் கோப்பை வைத்து இயக்கினால், நமது தளம் விட்ட இடத்திலிருந்து எழும்ப முடியும்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனி நன்மை ஒன்று இருக்கிறது. தரவுத்தளத்தை மட்டும் தனியே ஏற்றுமதி செய்து வேறு சேர்வரில் இறக்கும்போது, எழுத்துக்குறியேற்றம் பொருந்தாவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பாமினி எழுத்துருவில் உருவான பழைய தளங்களின் நிலை இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். டிஸ்க் இமேஜ் எந்த எழுத்தையும் வாசித்து மாற்றுவதில்லை. இருந்ததை இருந்தபடியே, எழுத்துருவையும் மென்பொருளையும் சேர்த்து எடுத்து வைக்கிறது.

பிரதி ஏமாற்றும் நான்கு இடங்கள்

முதலாவது, ஒரே கூரை. 2021 மார்ச் 10ஆம் திகதி நள்ளிரவு கடந்து, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போனது. பிரதி எடுத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலரும் அன்று எல்லாவற்றையும் இழந்தார்கள். காரணம், அவர்களது பிரதியும் அதே இடத்தில் இருந்தது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு மையம் எரிந்தபோது, அரச ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' என்ற களஞ்சியத்தில் 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடொன்றிலேயே இப்படி நடந்தது.

இரண்டாவது, ஒரே சாவி. சேர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் சில டொலர்கள் மேலதிகமாக வாங்கிக்கொண்டு தாங்களே தினமும் பிரதி எடுத்துத் தருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பிரதி நமது அதே கணக்குக்குள், அதே கடவுச்சொல்லுக்குள் இருக்கிறது. கணக்கைத் திருடியவர் இரண்டையும் ஒரே நிமிடத்தில் அழிக்கலாம். திருடன்தான் வர வேண்டும் என்றுமில்லை. அட்டை காலாவதியாகிக் கட்டணம் போகாவிட்டாலும், தவணை தாண்டியதும் சேர்வரும் அதன் பிரதிகளும் ஒன்றாகவே நீக்கப்படலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் செலுத்துவதே இந்த நாட்டில் பெரும்பாடாக இருந்ததை மறக்க முடியாது.

மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரின் பிரதி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோக் கொப்பி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை எடுக்கும்போது இருந்த கணக்கு, கடைசிப் பக்கத்துக்கு வரும்போது மாறியிருக்கும். கூட்டிப் பார்த்தால் பொருந்தாது. இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்தாலும் இதுதான் நடக்கும். படங்கள் தப்பும். அடிக்கடி எழுதப்படும் தரவுத்தளம் உடைந்து போகக்கூடும்.

இதைத் தவிர்க்கவே 'ஸ்னாப்ஷொட்' என்ற முறை இருக்கிறது. அது ஒரு கணத்தை உறையவைக்கிறது. ஆனால் அதையே பிரதியென்று நம்புவது தவறு. அநேகமான ஸ்னாப்ஷொட்டுகள் முழு டிஸ்க்கையும் இன்னொரு தடவை எழுதி வைப்பதில்லை. அந்தக் கணத்துக்குப் பிறகு எவை மாறின என்பதை மட்டும் தனியே குறித்துவைக்கின்றன. அதனால்தான் 60 கிகாபைட் டிஸ்க்குக்கு ஒரு சில நொடிகளில் ஸ்னாப்ஷொட் எடுக்க முடிகிறது. அடியில் இருக்கும் மூல டிஸ்க் பழுதானால் அதன்மேல் நிற்கும் ஸ்னாப்ஷொட்டும் விழும். ஸ்னாப்ஷொட்டை ஆதாரமாக வைத்து ஒரு முழுப் பிரதியை எடுத்து வெளியே கொண்டுபோனால்தான் அது உதவும்.

நான்காவது, திறந்து பார்க்காத பிரதி. உலகெங்கும் மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் தளத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி ஓர் ஊழியர், தவறான சேர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் தரவுத்தளத்தில் நான்கரை கிகாபைட் மட்டுமே மிஞ்சியது. அந்த நிறுவனத்திடம் பிரதி எடுக்கும் வழிகள் ஐந்து இருந்தன. தேடிப் பார்த்தபோது ஐந்துமே சரியாக இயங்கியிருக்கவில்லை. தினசரிப் பிரதி பல நாட்களாக எடுபடவேயில்லை. எடுபடவில்லை என்று அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு வேலைக்காக ஊழியர் ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷொட் ஒன்று பரிசோதனைச் சேர்வரில் இருந்ததால்தான் அவர்கள் தப்பினார்கள். நடந்தது முழுவதையும் அந்த நிறுவனமே பகிரங்கமாக எழுதி வைத்தது. அதனால்தான் நாமும் அதிலிருந்து பாடம் படிக்க முடிகிறது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல

பிரதி காப்பது பற்றி உலகம் முழுவதும் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வெளியூரில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதைப் பரவலாக்கினார்.

காணி உறுதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும். நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதும்போது மூலம் உரிமையாளரிடம் போகிறது. இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூன்றாவது நொத்தாரிசின் கோவையில் இருக்கிறது. மூன்று இடம், மூன்று கைகள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களில் பலர் மற்ற இரண்டில் ஒன்றிலிருந்து அதை மீட்டார்கள். இந்த ஏற்பாட்டை எழுதியவர்கள் போரை எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு கை தவறினாலும் மற்றக் கை தாங்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களது எண்ணம்.

எங்கள் ஊரிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றில் முக்கியமான பெயர் அவருடையது. இங்கிலாந்தில் எடுத்த படங்களின் பிரதிகளை அவர் லண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த காலத்தில், முக்கியமான படங்களை மங்காத கார்பன் முறையில் பிரதி செய்யவும் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் இலங்கையில், இங்குள்ள மனிதர்களை வைத்து அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. அவற்றில் இருக்கும் தொழிலாளர்கள் பலரின் பெயரும் இல்லை.

மறுபக்கம், 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம். 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்காவது பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகளையும் கையெழுத்துகளையும் எந்த நன்கொடையாலும் வாங்க முடியவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் எல்லோருக்கும் திறந்து வைத்ததற்குப் பின்னால் இந்த வலி இருக்கிறது.

நாங்கள் செய்யும் முறை

எங்கள் சேர்வரின் டிஸ்க் 60 கிகாபைட். அதில் 22 கிகாபைட்தான் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் இமேஜ் எடுத்தால் வெற்றிடமும் சேர்ந்தே வரும். எனவே முதலில் அந்த வெற்றிடத்தைப் பூச்சியங்களால் நிரப்புகிறோம். பூச்சியங்கள் சுருக்கும்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். கடைசியில் கிடைக்கும் கோப்பு சுமார் 19 கிகாபைட். குரல் பதிவுகளும் படங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் இதற்கு மேல் குறையாது.

மாதம் ஒருமுறை, ஆட்கள் குறைவாகப் பார்க்கும் நள்ளிரவில், சேர்வரை நிறுத்தி 'ரெஸ்கியூ மோட்' எனப்படும் மீட்பு முறையில் தொடங்குகிறோம். அப்போது நமது டிஸ்க் உறங்கிக்கொண்டிருக்கும், யாரும் அதில் எழுத மாட்டார்கள். அந்த நிலையில் முழு டிஸ்க்கையும் வாசித்து, சுருக்கி, பூட்டி, வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனத்திடம் இருக்கும் களஞ்சியத்துக்கு அனுப்புகிறோம். அந்தக் களஞ்சியத்தின் கணக்கு வேறு, கடவுச்சொல் வேறு, கட்டணம் செலுத்தும் அட்டையும் வேறு. இரண்டு மாத இமேஜ்களுக்கு இடையில் வரும் மாற்றங்களுக்காக, தரவுத்தளத்தையும் புதிய கோப்புகளையும் மட்டும் தினமும் அனுப்புகிறோம். அது சில மெகாபைட்டுகள்தான்.

மூன்றாவது பிரதி ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில். பொகவந்தலாவையில் கைத்தொலைபேசி வலையமைப்பை நம்பித்தான் இணையம். நொடிக்கு 8 மெகாபிட் வேகம் கிடைத்தால் 19 கிகாபைட்டை இறக்க ஐந்தேகால் மணித்தியாலம் பிடிக்கும். இடையில் கரண்ட் போகும், மழைக்குச் சிக்னல் போகும். எனவே கோப்பை ஒரு கிகாபைட் துண்டுகளாக வெட்டியே இறக்குகிறோம். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மீண்டும் இறக்கினால் போதும். டிஸ்க் நிரம்பியதும் கணினியிலிருந்து கழற்றி, கொழும்பில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை மண்சரிவுகளால் சிதைத்த பிறகு, ஒரே மலையில் எல்லாவற்றையும் வைத்திருப்பது பற்றி எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் 'செக்சம்' எடுக்கிறோம். ஏட்டைப் படியெடுத்தவர்கள் மூலத்தோடு ஒப்புநோக்கிச் சரிபார்த்ததைப் போன்ற வேலை இது. ஷா-256 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரு வரியாக மாற்றித் தருகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுவதும் மாறிவிடும். மூலத்தின் வரியும் பிரதியின் வரியும் ஒன்றாக இருந்தால் படி பிழையற்றது.

ஆனால் பிழையற்ற படி எழும்புமா என்பது வேறு கேள்வி. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய மடிக்கணினி ஒன்றில் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளைக் கொண்டு அந்த இமேஜை இயக்கிப் பார்க்கிறோம். இதைச் செய்யும்போது இணையத்தைத் துண்டித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரதி தன்னையே மூலமென்று நினைத்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கும். தளம் திறக்க வேண்டும், தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும், எழுந்தமானமாகத் தேர்ந்த பத்துக் குரல் பதிவுகள் ஒலிக்க வேண்டும். அவ்வளவு பார்த்த பிறகுதான் அந்த மாதத்தை ஏட்டில் 'சரி' என்று குறிக்கிறோம்.

பழையதை உடனே அழிக்கவும் கூடாது. வைரஸ் நுழைந்ததோ கோப்பு கெட்டதோ அன்றைக்கே தெரியவருவதில்லை. கெட்டதை நல்லதின்மேல் எழுதிவிட்டால் மூன்று பிரதிகளும் கெட்டவையாகவே இருக்கும். நாங்கள் கடைசி ஆறு மாத இமேஜ்களை வைத்திருக்கிறோம்.

காக்க வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

போரால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளை வைத்திருப்போர் இந்த ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிஸ்க் இமேஜ் எதையும் தெரிவுசெய்து எடுப்பதில்லை. தளத்தில் பெயர் மறைத்து வெளியிட்ட சாட்சியின் உண்மைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ளே எங்காவது இருந்தால், அதுவும் வரும். அவர் கேட்டுக்கொண்டதால் நாம் அழித்துவிட்ட பதிவும் வரலாம். ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி அதன் பெயரைத்தான் பட்டியலிலிருந்து நீக்குகிறது. உள்ளடக்கம் வேறொன்று எழுதப்படும்வரை டிஸ்க்கிலேயே கிடக்கும். வெற்றிடத்தைப் பூச்சியத்தால் நிரப்புவதற்கு இடம் மிச்சம் பிடிப்பது மட்டும் காரணமில்லை.

எனவே இமேஜ் சேர்வரை விட்டு வெளியேறும் முன்னரே பூட்டப்பட வேண்டும். பூட்டாத ஹாட் டிஸ்க்கை பஸ்ஸில் கொண்டுபோவது, வாக்குமூலக் கட்டைத் திறந்த கூடையில் கொண்டுபோவதற்குச் சமம். திறவுகோலை ஒருவர் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பிரதி இருந்தும் இல்லாததுதான். எங்களில் இருவரிடம் தனித்தனியாக எழுதிய கடதாசியில் அது இருக்கிறது. ஆம், கடதாசியில்தான்.

இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. மென்பொருட்கள் இலவசம். வெளிக் களஞ்சியத்துக்கு மாதம் சில டொலர்கள், ஒரு ஹாட் டிஸ்க், மாதத்தில் ஓர் இரவு. உங்கள் ஊரில் இப்படியொரு தளத்தையோ தொகுப்பையோ நடத்துபவர்களைச் சந்தித்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிரதி வேறு கூரையின் கீழ் இருக்கிறதா? வேறு சாவியால் பூட்டப்பட்டிருக்கிறதா? கடைசியாக எப்போது அதை இயக்கிப் பார்த்தீர்கள்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் தயங்கினாலும், இந்த மாதமே அந்த இரவை ஒதுக்கச் சொல்லுங்கள்.